டைமிங் ரிசீவருக்கு எந்த ஆண்டெனா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள்களின் சிக்னலிலிருந்து துல்லியமான நேரத்தை எடுத்துத் தரும் டைமிங் ரிசீவர் ஒன்று உங்களிடம் இருக்கிறது. அவை அனுப்பும் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசைகளையும் அது எடுக்கும். நொடிக்கு ஒரு துடிப்பு தரும் அதன் வெளியீட்டை வைத்து ஒரு ஓசிஎக்ஸ்ஓவை, அதாவது சூடேற்றிய குவார்ட்ஸ் ஆசிலேட்டரை, வழிக்குக் கொண்டுவரப் போகிறீர்கள். அதிலிருந்து கிடைக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் உங்கள் அளவீட்டுக் கருவிகளுக்கு ஆதாரம். கூரைக்கும் மேசைக்கும் நடுவே 25 மீட்டர் கேபிள். கண்முன்னே மூன்று ஆண்டெனாக்கள்: அடியில் காந்தம் வைத்த சின்ன சதுர ஆண்டெனா, கூம்பு மூடி போட்ட டைமிங் ஆண்டெனா, நில அளவையில் ஓய்வு பெற்ற, உலோக வளையங்கள் சூழ்ந்த பழைய சோக் ரிங் ஆண்டெனா. 40 டெசிபல் கெயின், அதாவது சிக்னல் பெருக்கம், 28 டெசிபலை விட நல்லதுதானே, சோக் ரிங் வாங்கினால் வித்தியாசம் தெரியுமா என்று கேட்கிறீர்கள். ஆண்டெனாவை மாற்றினால் என் பிழையில் எந்தப் பகுதி குறையும், எது அப்படியே இருக்கும் என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட ரிசீவர்களை நிறுவுவதும் பழுது பார்ப்பதும் பல வருடங்களாக என் வேலை. கீழே சொல்வதில் சில, கணக்குப் போட்டு உறுதியாகச் சொல்லக்கூடியவை. சில என் கண்ணில் பட்டவை, அதனால் என் இடங்களுக்குப் பொருந்தியவை. சில உங்கள் கூரையில் ஏறிப் பார்த்தால்தான் சொல்ல முடியும். எது எந்த வகை என்று அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

ஆண்டெனா தேடும் முன் ஒரு எண்ணைத் தாளில் எழுதுங்கள்: எத்தனை நானோநொடிப் பிழையைப் பொறுத்துக்கொள்வீர்கள்? கணினிகளின் நேரத்தை என்டிபி என்ற நெட்வொர்க் நேர நெறிமுறை வழியாகச் சரிசெய்வது மட்டுமே நோக்கம் என்றால், நெட்வொர்க்கின் ஆட்டமே மைக்ரோநொடியில் தொடங்கி மில்லிநொடி வரை போகும். அங்கே வானம் ஓரளவு தெரிகிற ஜன்னலில் வைத்த சின்ன ஆண்டெனா போதும். ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பிப் பெறும் மொபைல் கோபுரங்களுக்கு, வலையமைப்பு முழுவதற்கும் சேர்த்து ±1.5 மைக்ரோநொடி எல்லை. அந்த வலையின் தலைமைக் கடிகாரத்துக்கு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.8272 தரநிலை 100 நானோநொடி என்கிறது, அதிலேயே கடுமையான பி வகுப்புக்கு 40 நானோநொடி. தேசிய அளவீட்டு நிறுவனங்கள் தங்கள் கடிகாரங்களை ஒப்பிடும்போது ஒற்றை இலக்க நானோநொடிக்காக உழைக்கின்றன. ஒளி ஒரு நானோநொடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் போகும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லா எண்களும் பிடிபடும்.

அடுத்தது, உங்களுக்கு வேண்டியது நேரமா, அலைவெண்ணா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அலைவெண்தான் முதன்மை. அப்படியானால் ஆண்டெனாவிலும் கேபிளிலும் இருக்கும் நிலையான தாமதம் 100 நானோநொடியோ 300 நானோநொடியோ, உங்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. அது மாறிக்கொண்டே இருப்பதுதான் கெடுதல். 1,000 நொடிக்குள் 10 நானோநொடி நகர்ந்தால், அலைவெண்ணில் அது 10,000 கோடியில் ஒரு பங்கு பிழை. அதே 10 நானோநொடி ஒரு முழு நாளில் மெதுவாக நகர்ந்தால் சுமார் 10 லட்சம் கோடியில் ஒரு பங்குதான். நல்ல ஓசிஎக்ஸ்ஓ நிமிடக்கணக்கில் தானாகவே அசையாமல் நிற்கும். ஆகவே சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை ஏறி இறங்கும் பிழைகளே உங்கள் எதிரி. அந்தக் கால அளவில் ஆட்டம் கொடுக்கும் முக்கியமான விஷயம் பட்டுத் தெறித்து வரும் சிக்னல். அதைப் பற்றித்தான் நிறையப் பேசப் போகிறேன்.

டைமிங் ரிசீவர் வேலை செய்யும் விதம் இதற்கு அடிப்படை. சாதாரண ரிசீவர் தன் இடத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. டைமிங் ரிசீவரோ முதலில் சில மணி நேரம் தன் இடத்தைச் சராசரி எடுத்து அதைப் பூட்டிவிடும். அப்புறம் அதற்குத் தெரியாதது நேரம் ஒன்றுதான், ஒரே ஒரு செயற்கைக்கோள் போதும். மீதி எல்லாம் சராசரிக்கு உதவுபவை. இடம் கண்டுபிடிப்பவருக்குத் தொடுவானத்தை ஒட்டிய செயற்கைக்கோள்கள் வேண்டும், எல்லாத் திசையிலும் பரவி இருந்தால்தான் வடிவியல் நன்றாக அமையும். நேரம் எடுப்பவருக்கு அந்தத் தேவை இல்லை. தலைக்கு மேலே இருக்கும் நான்கைந்து செயற்கைக்கோள்கள் சுத்தமாகக் கிடைத்தால் அவர் கீழே உள்ளவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம். நில அளவைக்காரர்களின் ஆண்டெனா அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்வது இங்கேதான் தவறாகிறது. டைமிங் ஆண்டெனாவின் அருமை அது எவ்வளவு கேட்கிறது என்பதில் இல்லை, எதைக் கேட்க மறுக்கிறது என்பதில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: பூட்டிய இடம் தவறாக இருந்தால் அந்தத் தவறு அப்படியே நேரத்துக்குப் போகும். உயரத்தில் 3 மீட்டர் பிழை இருந்தால், நேராகத் தலைக்கு மேலே உள்ள செயற்கைக்கோளில் அது 10 நானோநொடி, தாழ்ந்திருப்பதில் அதைவிடக் குறைவு. எந்தச் செயற்கைக்கோள்கள் தெரிகின்றன என்பது மணிக்கு மணி மாறுவதால் பிழையும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே இடத்தைச் சராசரி எடுக்கும் நேரத்தை அரை மணியோடு முடித்துவிடாதீர்கள், ஒரு முழு நாளாவது ஓடட்டும். செலவே இல்லாமல் கிடைக்கும் முன்னேற்றம் இது. ஆண்டெனாவை ஒரு முழம் நகர்த்தினாலும் திரும்பச் செய்ய வேண்டும்.

இனி தெறிப்பு. செயற்கைக்கோளிலிருந்து நேராக வரும் சிக்னலோடு, சுவரிலும் கூரையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பட்டுத் தாமதமாக வரும் பிரதிகளும் ஆண்டெனாவுக்குள் நுழைகின்றன. ரிசீவர் இரண்டையும் கலந்துதான் பார்க்கிறது, அதனால் அது அளக்கும் தூரம் ஏறி இறங்குகிறது. ஆண்டெனா கூரைத் தளத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால், தலைக்கு மேலிருந்து வந்து தளத்தில் பட்டுத் திரும்பும் சிக்னல் 2 மீட்டர் அதிகம் பயணிக்கிறது, அதாவது ஏறக்குறைய 7 நானோநொடி தாமதம். அந்தப் பிரதி நேர் சிக்னலில் எத்தனை பங்கு வலுவோடு உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தே பிழை. அந்தப் பங்கைக் குறைப்பதுதான் ஆண்டெனாவின் வேலை.

அதற்கு இயற்கையே ஒரு கைப்பிடி கொடுத்திருக்கிறது. இந்தச் சிக்னல்கள் வலஞ்சுழியாகச் சுழன்று வருகின்றன. ஒரு உலோகப் பரப்பிலோ ஈரத் தளத்திலோ பட்டுத் திரும்பும்போது சுழற்சி பெரும்பாலும் இடஞ்சுழியாக மாறிவிடுகிறது. வலஞ்சுழியை ஏற்று இடஞ்சுழியைத் தள்ளும் ஆண்டெனா தெறிப்பில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் இரண்டு ஓட்டைகள் உண்டு. தாழ்ந்த கோணத்தில் உரசினாற்போல் பட்டு வரும் சிக்னல் முழுதாகச் சுழி மாறுவதில்லை. இரண்டு முறை தெறித்தது மறுபடியும் வலஞ்சுழி ஆகிவிடும். அதோடு, மலிவான ஆண்டெனாக்கள் தலைக்கு மேலே மட்டும்தான் சுழியை ஒழுங்காகப் பிரிக்கும். பக்கவாட்டில் இறங்க இறங்க அந்தத் திறன் கரைந்துவிடும். இந்தத் திறனைக் காட்ட விவரத் தாளில் ஆக்சியல் ரேஷியோ என்று ஒரு எண் இருக்கும், சிறியதாக இருந்தால் நல்லது. பலர் தலைக்கு மேலே உள்ள மதிப்பை மட்டும் அச்சிடுகிறார்கள். 30 டிகிரி, 20 டிகிரி உயரத்தில் எவ்வளவு என்று வளைகோடு கொடுக்கும் தயாரிப்பாளர் இருந்தால் அவர் பக்கம் சாய்வேன்.

இந்த அளவுகோலில் உங்கள் மூன்றையும் வைத்துப் பார்ப்போம். காந்த ஆண்டெனாவுக்குள் இருப்பது ஒரு பீங்கான் சதுரம். அதன் அடியில் குறைந்தது 10 சென்டிமீட்டர் அளவுக்கு உலோகத் தட்டு இருக்கும் என்று நம்பித்தான் அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. காரின் கூரை அந்தத் தட்டாக இருக்கும். தட்டில்லாமல் ஒரு பிளாஸ்டிக் குழாயின் மேல் வைத்தால் கீழிருந்து வருவதையும் அது தாராளமாகக் கேட்கும், இசைவும் கொஞ்சம் விலகிப்போகும். கூம்பு மூடி ஆண்டெனாக்கள் இதே வேலைக்காகவே செய்யப்பட்டவை: வருடக்கணக்கில் வெயிலும் மழையும் தாங்கும் உடல், பனியும் தண்ணீரும் தங்காத, பறவை உட்கார முடியாத வடிவம், உள்ளே வலுவான ஃபில்டர். பறவை விஷயத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தட்டையான ஆண்டெனாவில் எச்சம் காய்ந்து படிந்ததை நானே பலமுறை சுரண்டியிருக்கிறேன். சோக் ரிங்கில் நடு ஆண்டெனாவைச் சுற்றி வட்டம் வட்டமாக உலோகப் பள்ளங்கள் இருக்கும். பள்ளத்தின் ஆழம் அலைநீளத்தில் கால் பங்கை ஒட்டி இருப்பதால், தட்டின் விளிம்பிலிருந்து ஊர்ந்து வரும் அலைகள் அங்கேயே அடங்கிவிடும். கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதைத் தடுப்பதில் மூன்றில் இதுதான் சிறந்தது, அதில் சந்தேகமே இல்லை. அதன் ஒரு குறையாக நில அளவைக்காரர்கள் சொல்வது தாழ்ந்த செயற்கைக்கோள்கள் வலு குறைந்து தெரிகின்றன என்பது. நமக்கு அது குறையே அல்ல.

ஆனாலும் சோக் ரிங்குக்கு ஓடிவிட வேண்டாம். தெறிப்பை ஒழிப்பதில் ஆண்டெனாவின் வகையை விட அதை வைக்கும் இடத்துக்கு வலு அதிகம் என்பது என் அனுபவம். ஒரு கூடத்தில் ஒவ்வொரு நாளும் துடிப்பு 15 நானோநொடி வரை மேலேறி இறங்கும் ஒரு மேடு தெரிந்தது. முதலில் வெப்பநிலை என்று நினைத்து ஏசியைக் குறை சொன்னார்கள். ஆண்டெனா கைப்பிடிச் சுவரை ஒட்டி, இரும்புத் தொட்டியிலிருந்து இரண்டு மீட்டரில் இருந்தது. அதே ஆண்டெனாவைக் கூரையின் எதிர்மூலையில் ஒரு குழாயின் உச்சிக்கு, சுற்றிலும் எல்லாவற்றையும் விட உயரமாக மாற்றினோம். மேடு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்த எண் அந்தக் கூரைக்கு மட்டுமே உரியது, உங்களுக்கு வேறாக இருக்கும். ஆனால் முதலில் நகர்த்திப் பார், பிறகு வாங்கு என்ற வரிசையை அதற்குப் பிறகு நான் மாற்றியதில்லை.

அது வெப்பநிலை இல்லை, தெறிப்புதான் என்று கண்டுபிடித்த வழியை உங்களுக்கும் சொல்கிறேன், எந்தக் கூடுதல் கருவியும் வேண்டாம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வானத்தில் அதே பாதையில் மறுபடி வருவதற்கு ஒரு நாளுக்கு ஏறக்குறைய 4 நிமிடம் குறைவாக எடுத்துக்கொள்கின்றன. தெறிப்பு செயற்கைக்கோளின் இடத்தைப் பொறுத்தது. ஆகவே தெறிப்பால் வரும் ஏற்ற இறக்கம் நாளுக்கு 4 நிமிடம் முன்கூட்டியே வரும். வெயிலாலும், வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கான அயனி மண்டலத்தாலும் வருவது சூரியனோடு ஒட்டி அதே நேரத்தில் வரும். பத்து நாள் பதிவு எடுத்தால் இடைவெளி 40 நிமிடமாகி, இரண்டும் கண்ணுக்கே தனித்தனியாகத் தெரியும். இந்தச் சோதனைக்கு மட்டும் ரிசீவரை ஜிபிஎஸ் ஒன்றையே எடுக்கச் சொல்லுங்கள். ஐரோப்பாவின் கலிலியோ அதே பாதைக்கு வர 10 நாள், ரஷ்யாவின் குளோனாஸ் 8 நாள் எடுக்கும், கலந்தால் படம் குழம்பிவிடும்.

இடம் தேர்ந்தெடுப்பதில் நான் பின்பற்றுவது இவ்வளவுதான். கைப்பிடிக் கம்பி, தொட்டி, ஏசி வெளிப்பெட்டி, சூரியத் தகடு எல்லாம் ஆண்டெனாவின் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும். ஒரு பக்கம் உயரமான கட்டடம் இருந்தால் அந்தப் பக்கம் தொலைவாகப் போங்கள். தொடுவானத்திலிருந்து 15 அல்லது 20 டிகிரிக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை ஒதுக்கும்படி ரிசீவரில் அமைத்துவிடுங்கள். இந்தக் கோணத்தை இன்னும் ஏற்றினால் தெறிப்பு குறையும், சராசரிக்குக் கிடைக்கும் செயற்கைக்கோள்களும் குறையும். சரியான புள்ளி எது என்பதை உங்கள் பதிவுதான் சொல்ல வேண்டும்.

அடுத்து அலைவரிசை. உங்கள் ரிசீவர் இரட்டை அலைவரிசை என்பதால், ஆண்டெனா தேர்வில் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இங்கேதான். அயனி மண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்துகிறது. அதன் எலக்ட்ரான் அடர்த்தியை அளக்கும் அலகில் ஒவ்வொரு அலகுக்கும் எல்1 இல் 16 சென்டிமீட்டர், அதாவது அரை நானோநொடிக்குச் சற்று மேல். அமைதியான இரவில் 10 அலகு என்றால் 5 நானோநொடி. காந்த நடுக்கோட்டுக்கு இருபுறமும் 15 டிகிரி அளவில் உள்ள பகுதிகளில், சூரியன் உச்சத்தில் இருக்கும் வருடங்களின் பிற்பகலில் 100 அலகைத் தாண்டும், தலைக்கு மேலேயே 50 நானோநொடிக்கு மேல். தாழ்ந்த செயற்கைக்கோளுக்கு அது இரண்டு மூன்று மடங்கு. ஒற்றை அலைவரிசை ரிசீவர், ஜிபிஎஸ் ஒலிபரப்பும் எட்டு எண்களைக் கொண்ட குளோபுச்சர் மாதிரியை வைத்து இதைத் திருத்துகிறது. அந்த மாதிரி சராசரியாகப் பாதியைத்தான் பிடிக்கும். இரவு முழுவதும் தாமதம் ஒரே மாதிரி 5 நானோநொடி என்று வைத்துக்கொள்ளும் எளிய மாதிரி அது. தாமதம் அலைவெண்ணின் வர்க்கத்துக்குத் தலைகீழாக இருப்பதால், இரண்டு அலைவரிசையை அளந்தால் தாமதத்தை ஊகிக்க வேண்டியதில்லை, நேராகக் கணக்கிட்டு நீக்கிவிடலாம்.

ஆகவே எல்1 மட்டும் எடுக்கும் ஆண்டெனாவை, அது எவ்வளவு நல்ல சோக் ரிங்காக இருந்தாலும், உங்கள் ரிசீவரோடு இணைத்தால் பாதி ரிசீவரைத் தூக்கிப் போட்டதற்குச் சமம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரட்டை அலைவரிசை என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. நில அளவையின் பழைய ஆண்டெனாக்கள் பெரும்பாலும் எல்1, எல்2 க்கானவை: 1575.42 மற்றும் 1227.60 மெகாஹெர்ட்ஸ். உங்களுடைய எல்5, கலிலியோவின் இ5ஏ, சீனாவின் பெய்டோவுடைய பி2ஏ எல்லாம் 1176.45 இல் இருக்கின்றன. பழைய ஆண்டெனாவின் ஃபில்டர் அந்த இடத்தை வெட்டிவிட்டிருக்கக்கூடும். விற்பவரிடம் மாதிரி எண்ணை வாங்கி, விவரத் தாளில் 1176 மெகாஹெர்ட்ஸ் உள்ளே வருகிறதா என்று பார்த்த பிறகே பேசுங்கள். தாள் கிடைக்காத சோக் ரிங்கை நான் வாங்க மாட்டேன்.

இரட்டை அலைவரிசைக்கு ஒரு விலையும் உண்டு. அயனி மண்டலத்தை நீக்கும் கணக்கில் எல்1 அளவீட்டை 2.26 ஆல் பெருக்கி, எல்5 அளவீட்டை 1.26 ஆல் பெருக்கிக் கழிக்கிறோம். இரண்டின் இரைச்சலும் தெறிப்புப் பிழையும் அதோடு சேர்ந்து பெருகுகின்றன, மொத்தத்தில் இரண்டரை மடங்குக்கு மேல். எனவே அயனி மண்டலம் அமைதியாகவும் கூரை மோசமாகவும் உள்ள இடத்தில் இரட்டை அலைவரிசை குறுகிய காலத்தில் அதிகம் ஆடுவதைப் பார்க்கலாம். அது ரிசீவரின் பழுது என்று நினைக்க வேண்டாம். எல்5 சிக்னலில் தூரம் அளக்க உதவும் குறியீட்டின் ஒரு துண்டு 29 மீட்டர் நீளம், பழைய எல்1 சிக்னலில் 293 மீட்டர். அதனால் தொலைவிலிருந்து தெறித்து 50 மீட்டருக்கு மேல் தாமதமாக வருவதை எல்5 தானாகவே தள்ளிவிடும். பக்கத்துச் சுவரிலிருந்து ஐந்து பத்து மீட்டர் தாமதமாக வருவதற்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவாக இல்லை. மறுபடியும் இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

இப்போது 40 டெசிபல் கேள்வி. இது உறுதியாகச் சொல்லக்கூடிய பகுதி. கெயின் என்பது ஆண்டெனாவுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையரின் பெருக்கம். அது சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். முதல் படியின் இரைச்சல்தான் மொத்த இரைச்சலைத் தீர்மானிக்கிறது, முதல் படியின் பெருக்கம் போதுமான அளவு இருந்தால் பின்னால் வரும் கேபிளும் ரிசீவரும் சேர்க்கும் இரைச்சல் அமுங்கிவிடும். போதுமானதற்கு மேல் பெருக்குவதால் எந்த லாபமும் இல்லை. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டிய எண் ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல் எண், 2 டெசிபலுக்குக் கீழே இருந்தால் நல்லது. கெயின் கேபிளின் இழப்பை ஈடுகட்டவே. 25 மீட்டருக்கு ஆர்ஜி-58 மாதிரியான மெல்லிய கேபிள் 1.5 கிகாஹெர்ட்ஸில் 15 முதல் 20 டெசிபலை விழுங்கும். டிவி டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி-6 ஏழெட்டு டெசிபல். எல்எம்ஆர்-400 மாதிரியான தடித்த கேபிள் நான்கைந்து டெசிபல். ஆர்ஜி-6 போட்டு 28 டெசிபல் ஆண்டெனா வைத்தால் ரிசீவரின் வாசலில் 20 டெசிபல் மிஞ்சும், அது வசதியான அளவு. 40 டெசிபல் வைத்தால் 32 மிஞ்சும். பல ரிசீவர்கள் அதையும் தாங்கும், சில நிரம்பி வழியும். உங்கள் ரிசீவரின் கையேட்டில் வெளிக் கெயினுக்கு ஒரு எல்லை கொடுத்திருப்பார்கள், கேபிள் இழப்பைக் கழித்த எண் அதற்குள் விழ வேண்டும். 40 டெசிபல் ஆண்டெனா 60, 80 மீட்டர் கேபிள் போடுபவர்களுக்காகச் செய்தது.

ஆர்ஜி-6 75 ஓம் ஆயிற்றே, ரிசீவர் 50 ஓம் ஆயிற்றே என்று நீங்கள் தயங்கலாம். ஒரு சந்திப்பில் திரும்பிப் போவது நூற்றில் 4 பங்கு ஆற்றல், இழப்பு 0.18 டெசிபல், கவனிக்கத் தேவையில்லை. கேபிளின் இரண்டு முனைகளிலும் தெறித்து வரும் சின்ன எதிரொலி ஒன்று உண்டு, ஆனால் 25 மீட்டர் கேபிள் இழப்பையும் தாண்டி வருவதால் வலு குறைந்துவிடும். அலைவெண் ஆதாரத்துக்கு ஆர்ஜி-6 தாராளமாகப் போதும். ஒற்றை இலக்க நானோநொடி நேரத்தைத் துரத்துபவர் என்றால் 50 ஓமில் நிற்கச் சொல்வேன்.

மின்னழுத்தம் பற்றிச் சுருக்கமாக: ரிசீவர் கேபிள் வழியாக 3.3 வோல்ட் தருகிறதா, 5 வோல்ட் தருகிறதா, ஆண்டெனா எதைக் கேட்கிறது என்று பாருங்கள். பழைய சோக் ரிங்குகளில் சில 5 வோல்ட்டுக்குக் குறைந்தால் விழித்துக்கொள்ளவே மாட்டா, சில அதற்கு மேலும் கேட்கும். தேவைப்பட்டால் நடுவில் ஒரு பயாஸ் டீ போட்டு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கலாம்.

ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை அதிகம் சொல்ல வேண்டும், ஏனெனில் விவரத் தாள்களில் இதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். செயற்கைக்கோள் சிக்னல் தரைக்கு வரும்போது மைனஸ் 128 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) அளவில்தான், அதாவது மிக மிக மெலிதாக இருக்கும். பக்கத்தில் ஒரு மொபைல் கோபுரமோ 1616 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் பேசும் இரிடியம் செயற்கைக்கோள் போனோ இருந்தால், அது ஆண்டெனாவின் ஆம்ப்ளிஃபையரையே திணறடிக்கும். கீழ் அலைவரிசையில் எல்5, விமானங்களின் தூரம் அளக்கும் டிஎம்இ கருவிகளோடு ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்கிறது. ஆம்ப்ளிஃபையருக்கு முன்னாலேயே ஒரு ஃபில்டர் வைத்த ஆண்டெனா, இரைச்சலில் கொஞ்சம் இழந்தாலும் இப்படிப்பட்ட இடங்களில் காப்பாற்றும். சுற்றிலும் கோபுரம் இல்லாத கூரைக்கு அது தேவையில்லை. இறுக்கமான ஃபில்டருக்குத் தாமதமும் அதிகம், அந்தத் தாமதம் வெப்பத்தோடு கொஞ்சம் நகரவும் செய்யும். எல்1 இல் ஒரு தாமதம், எல்5 இல் வேறு தாமதம் என்று இருந்தால், அந்த வித்தியாசம் மேலே சொன்ன 1.26 ஆல் பெருகி உங்கள் நேரத்துக்குள் வரும். 5 நானோநொடி வித்தியாசம் 6 நானோநொடிக்கு மேல் ஆகும். அலைவெண்ணுக்கு இது நிலையாக இருக்கும்வரை பாதிப்பில்லை.

நேரமும் வேண்டும் என்றால் கேபிள் தாமதத்தைக் கொடுக்க வேண்டும். திடமான பாலிஎதிலீன் உள்ள கேபிளில் மீட்டருக்கு 5 நானோநொடி, நுரை போன்ற பாலிஎதிலீன் உள்ளதில் 4 நானோநொடி அளவு. உங்கள் 25 மீட்டருக்கு 100 முதல் 125 நானோநொடி. ரிசீவரின் அமைப்பில் இதை எழுதிவிட்டால் போதும். நீளத்தை டேப்பால் அளந்தே இரண்டு மூன்று நானோநொடிக்குள் வரலாம். கேபிளின் தாமதம் வெப்பத்தில் மாறுவதைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். மாற்றம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 100 பங்கு என்றே தாராளமாக வைத்தாலும், 30 டிகிரி ஏறி இறங்கினால் 0.4 நானோநொடிக்கு மேல் போகாது. ஆண்டெனாவின் உள் தாமதம் சில பத்து நானோநொடி இருக்கலாம், அதைத் தயாரிப்பாளர் சொல்லாவிட்டால் வீட்டிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. ஏற்கெனவே அளவீடு செய்யப்பட்ட இன்னொரு ரிசீவரையும் ஆண்டெனாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் முடியும். அந்த ஒப்பீடு இல்லாதவரை உங்கள் நேரம் சில பத்து நானோநொடிக்குள் சரி என்று மட்டும் சொல்லுங்கள், அதற்குக் கீழே கோர வேண்டாம்.

சோக் ரிங்கை விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் இன்னொன்று, கட்ட மையம், அதாவது ஆண்டெனா சிக்னலைப் பெறுவதாகக் கணக்கில் கொள்ளும் புள்ளி, மில்லிமீட்டர் நிலைத்தன்மை உடையது என்பது. உண்மைதான், நில அளவைக்கு அது உயிர். நமக்கு 3 மில்லிமீட்டர் என்பது ஒரு நானோநொடியில் நூறில் ஒரு பங்கு. அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

ரிசீவர் பக்கத்தில் ஒரு வேலையை முடிக்காமல் ஆண்டெனாவை மாற்றினால் பலன் கண்ணுக்கே தெரியாது. துடிப்பின் விளிம்பு ரிசீவரின் உள் கடிகாரத் துடிப்போடுதான் ஒட்ட முடியும். 48 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பழைய ரிசீவர்களில் அதனால் ±10 நானோநொடி வரை ரம்பப்பல் போன்ற ஆட்டம் இருக்கும், புதியவற்றில் குறைவு. ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு திருத்த வேண்டும் என்று ரிசீவர் ஒரு எண்ணை அனுப்பும். அதைப் படித்துக் கழியுங்கள். சராசரியில் போய்விடும் என்று விட்டால், சில நேரம் அந்த ரம்பம் ஒரே பக்கத்தில் நிமிடக்கணக்கில் தொங்கி நிற்கும், உங்கள் ஓசிஎக்ஸ்ஓ அதைப் பின்தொடர்ந்து போய்விடும்.

பின்னால் இன்னொரு ரிசீவரையும் இதே ஆண்டெனாவில் இணைக்க நினைத்தால் வெறும் டி இணைப்பான் போடாதீர்கள். ஜிபிஎஸ்ஸுக்கான ஸ்பிளிட்டர் ஒரு ரிசீவரின் மின்சாரத்தை மட்டும் மேலே விட்டு, மற்ற வாயில்களை அடைத்து, அங்கே ஆண்டெனா இருப்பதுபோல் ஒரு சின்ன சுமையும் கொடுக்கும். கேபிளில் போடும் மின்னல் தடுப்பானுக்கும் அதே கவனம் வேண்டும்: ஆண்டெனாவுக்குப் போகும் மின்சாரத்தைக் கடத்திவிடும் வாயுக்குழாய் வகைதான் பொருந்தும், கால் அலை வகை நேர்மின்சாரத்தைத் தரைக்குக் குறுக்கிவிடும். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அதைத் தரையோடு இணையுங்கள். கனெக்டரைத் தானாக ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றி, கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டு உள்ளே எடுங்கள். நான் பார்த்த ஆண்டெனா பழுதுகளில் பாதிக்கு மேல் கனெக்டருக்குள் நுழைந்த தண்ணீர்தான். அது ஒரே நாளில் சாகாது. சிக்னல் வலு வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதற்குள் துடிப்பின் ஆட்டம் கூடிக்கொண்டே போகும்.

உங்கள் மூன்றில் என் தேர்வு, எல்1, எல்5 இரண்டையும் எடுக்கும் கூம்பு வகை டைமிங் ஆண்டெனா, 28 டெசிபலை ஒட்டிய கெயினோடு, ஆர்ஜி-6 அல்லது அதைவிடத் தடித்த கேபிளில். உங்கள் சோக் ரிங்கின் விவரத் தாளில் 1176 மெகாஹெர்ட்ஸ் தெளிவாக இருந்து, மின்னழுத்தமும் ஒத்துப்போய், அதன் எடையைத் தாங்கும் கம்பம் உங்களிடம் இருந்தால் அதையே வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். காந்த ஆண்டெனா ஏற்கெனவே கையில் இருந்தால் அதைத் தூக்கி எறியவும் வேண்டாம். ஒரு அலுமினியத் தட்டின் நடுவில் வைத்துக் கூரையின் இரண்டு மூன்று இடங்களில் இரண்டிரண்டு நாள் ஓடவிடுங்கள். 40 டிகிரிக்கு மேல் உள்ள செயற்கைக்கோள்களின் சிக்னல் இரைச்சல் விகிதம் 45 டெசிபல்-ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறாத இடத்தையும், அது அலை அலையாக ஏறி இறங்கும் இடத்தையும் ஒதுக்குங்கள். மிஞ்சும் இடத்தில் புதிய ஆண்டெனாவுக்கான குழாயை நடுங்கள். பத்து நாள் பதிவு வந்ததும், 4 நிமிடம் நகரும் மேடு ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வரைபடத்தையும், கூரையில் எந்தத் திசையில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து அனுப்பினால், எந்தப் பரப்பிலிருந்து தெறிக்கிறது என்று சேர்ந்தே கண்டுபிடிக்க முயலலாம்.